பத்தாம் மணியின் விலை



தொழிலாளர் சட்டமும் ஊதிய உரிமையும் என்று பொதுவாகத் தலைப்பைக் கொடுத்து, அதற்குள் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள் இந்த அறக்கட்டளைக் கூட்டத்தை நடத்துபவர்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்கிறேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 59ஆம் பிரிவு. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால், கூடுதல் நேரத்துக்குச் சாதாரண ஊதிய வீதத்தைப் போல இரண்டு மடங்கு தரவேண்டும். அவ்வளவுதான் விதி. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. இரட்டை ஊதியம் என்ற விதி மட்டும் அவற்றிலும் அப்படியே இருக்கிறது. எனவே பழைய கதை என்று யாரும் எழுந்து போகவேண்டாம்.

நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. ஏன் இரட்டை? ஒன்றேகாலோ ஒன்றரையோ வைத்திருக்கலாமே?

மிகைநேரம், அதாவது ஓ.டி. பார்த்தவருக்குக் களைப்பு அதிகம், அதற்கு ஈடாக இரட்டைக் கூலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சங்கத் தலைவர்களே மேடையில் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த விதியின் கண் முதலாளியின் கணக்குப் புத்தகத்தின் மேல் இருக்கிறது. பத்தாம் மணியை அவர் வாங்கத் தயங்க வேண்டும், வாங்குவதைவிட இன்னோர் ஆளை வேலைக்கு எடுப்பதே லாபம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அதற்காக வைத்த விலை அது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு கம்பெனி புதிதாக ஓர் ஆளை எடுத்தால், அவருக்கு வருங்கால வைப்பு நிதியில் நூற்றுக்குப் பன்னிரண்டு கட்ட வேண்டும். குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ். ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் பணிக்கொடை. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு. இருக்கிற ஆளையே நான்கு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் இவற்றில் எதுவும் கூடாது. வைப்பு நிதிக்கும், போனசுக்கும், பணிக்கொடைக்கும், விடுப்பு ஊதியத்துக்கும் கணக்கிடும்போது ஓ.டி. தொகையைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஓ.டி.க்குச் சாதாரண வீதத்திலேயே கூலி கொடுத்தால், பழைய ஆளின் பத்தாம் மணி புதிய ஆளின் முதல் மணியைவிட மலிவு. ஒன்றேகால் மடங்கு கொடுத்தால் ஏறக்குறைய சமம். இரண்டு மடங்கு என்றால்தான் தராசு மறுபக்கம் சாயும். இரட்டை என்ற எண்ணுக்கு இதுதான் நியாயம் என்று நான் கருதுகிறேன்.

இந்த எண் ஒரு நாளில் வந்ததல்ல. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏழு வயதுக்குக் கீழான குழந்தைகளை வைக்கக்கூடாது, பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரம்தான் என்றதோடு சரி. (அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இந்தியக் குழந்தைகள் மேல் இருந்த இரக்கத்தோடு, பம்பாய் மில்களின் போட்டியைக் கண்டு லங்காஷயர் முதலாளிகளுக்கு எழுந்த எரிச்சலும் இருந்தது. நல்ல சட்டம் நல்ல மனத்திலிருந்துதான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.) 1891இல் பெண்களுக்குப் பதினொரு மணி நேரம் என்று வரம்பு வந்தது. ஆண்களுக்கு வரம்பு வர 1911 ஆயிற்று. அதுவும் நெசவு ஆலைகளில் மட்டும், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே எட்டு மணி நேர நாளை, 48 மணி நேர வாரத்தை எழுதியது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது, ஆனால் இந்தியாவுக்கு மட்டும் அதிலேயே விதிவிலக்கு, வாரம் 60 மணி. 1922 சட்டம் அந்த 60ஐ எழுதியது, 1934 சட்டம் அதை 54 ஆக்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்த ஆண்டுகளில் உருவான திருத்தம் 1946இல் நிறைவேறி, 54ஐ 48க்குக் கொண்டுவந்தது. அதுவரை இரட்டைக்குக் குறைவாக நின்ற மிகைநேர வீதமும் அப்போதுதான் இரட்டை ஆனது. 1948 சட்டம் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

சட்டப் புத்தகத்தின் வரலாறு இது. தெருவில் நடந்த வரலாறு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் நின்றபோது, கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்டார்கள். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பக்கிங்காம் கர்நாடிக் மில்காரர்களின் முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டுத் தொடங்கிய சங்கம் அது. சங்கத்தின் மேல் கம்பெனி நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கத்துக்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போது வெளிப்பட்டு, 1926இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. புதுச்சேரிக்கு வாருங்கள். 1936 ஜூலை 30, சவானா மில் முன்பு பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது வாரத்துக்கு 54 மணி நேரம். கடலூரில் ஒரு சட்டம், எல்லை தாண்டினால் இன்னொரு சட்டம்.

இப்போது திருப்பூருக்குப் போவோம்.

பனியன் கம்பெனிகளில் யாரும் மணிக்கணக்கில் பேசுவதில்லை. ஷிப்ட் கணக்குதான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். பன்னிரண்டு என்றால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மெண்ட் நெருங்கினால் விடிய விடிய இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, இந்த வாரம் எத்தனை ஷிப்ட் என்பதுதான் கேள்வி. இந்தப் பேச்சிலேயே 59ஆம் பிரிவு காணாமல் போய்விடுகிறது. ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம் என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75. வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 72 மணி நேரம். கையில் வருவது 5,400 ரூபாய். சட்டப்படி என்ன வரவேண்டும்? முதல் 48 மணி நேரத்துக்கு 3,600. மீதி 24 மணி நேரத்துக்கு மணிக்கு 150 வீதம் இன்னொரு 3,600. மொத்தம் 7,200. வாரத்துக்கு 1,800 ரூபாய் குறைகிறது.

இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவிடுகிறோம். இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஒன்று, இரட்டைக் கூலியைக் கொடுத்தே விட்டாலும் அந்த 72 மணி நேர வாரம் சட்டவிரோதம்தான். மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம், சிறப்பு விலக்கு பெற்றால் 75 மணி நேரம் என்று பழைய சட்டம் மிகைநேரத்துக்கு உச்சவரம்பு கட்டியிருந்தது. வாரம் 24 மணி நேரம் என்றால் அந்தக் காலாண்டில் 312 மணி நேரம் ஆகிவிடும். இதனால்தான் ஏற்றுமதிக்காரர்கள் சிலர் இரண்டு நோட்டு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்கு ஒரு நோட்டு, சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ஒரு நோட்டு. இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இரண்டு பேர் ஆளுக்கு 24 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் அது 48 மணி. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒவ்வோர் இரண்டு பேருக்கு நடுவிலும் எடுக்கப்படாத மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார்.

பீஸ் ரேட்டுக்காரர்களுக்கு ஓ.டி. கிடையாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. பவர் டேபிளில் உட்கார்ந்து பீஸுக்கு இத்தனை பைசா என்று தைப்பவர்களே அதை நம்புகிறார்கள். 59ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் முந்தைய மாதத்தில் அதே வேலைக்கு அவர் முழுநேரம் உழைத்த நாட்களின் சராசரி வருமானத்தை எடுத்து, அதிலிருந்து மணிக்கூலியைக் கண்டு, அதன் மேல் இரட்டிப்பு போட வழி சொல்லியிருந்தது. இதே மாதிரி இன்னொரு தந்திரம், பதவிப் பெயர். தையல்காரரை லைன் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டால் ஓ.டி. கேட்க முடியாது என்பார்கள். அடையாள அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்க்காது. அவர் நாளெல்லாம் முக்கியமாகச் செய்யும் வேலை எது என்று பார்க்கும். உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். கேட் மீட்டிங்கில் ஓ.டி. உரிமை பற்றிப் பேசிவிட்டு இறங்கினால், நான்கு பெண்கள் ஓரமாக வந்து, “சார், நீங்க பேசுறது எல்லாம் சரி. ஆனா ஓ.டி.யை நிறுத்திடாதீங்க. அது இல்லன்னா வாடகை கட்ட முடியாது” என்பார்கள். தொழிலாளர் தரப்பில் வாதாடும் எந்த வழக்கறிஞருக்கும் இது பழக்கமான பேச்சு. எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் நடக்காது என்றால், பன்னிரண்டு மணி நேரம் அவர்களாகவே விரும்பிக் கேட்பதாக ஆகிவிடும். பிறகு முதலாளியும், பல சமயம் அமைச்சரும், தொழிலாளியே கேட்கிறார், நாங்கள் என்ன செய்வது என்பார்கள்.

இதற்கு விடை 1957இல் எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று வரையறுத்தது. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள். ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. நான்கு பேருக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசுத் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தின் அளவில் வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு 20 சதவீதம். 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில், அது சென்னைத் தொழிற்சாலையிலிருந்து போன வழக்கு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் சேர்த்தது. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு சாதாரண வேலை நாளின் கூலியைப் பற்றியது. ஓ.டி. இதில் எங்கும் வராது. எட்டு மணி நேரத்துக்கே அந்தத் தொகை வரவேண்டும் என்பதுதான் கணக்கு. மறுபக்கம், தேசிய அளவிலான தரைமட்டக் கூலியாக மத்திய அரசு 2017இல் அறிவித்த தொகை நாளொன்றுக்கு 176 ரூபாய். சட்டக் கட்டாயம்கூட இல்லாத எண் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த நான்கு பெண்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று தெரியும். திருப்பூர்த் தொழிலாளர்களுக்கு இது எப்போதோ புரிந்த விஷயம். 1984இல் அவர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காக. அடிப்படைக் கூலி விலைவாசியோடு ஏறினால்தான் மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகும் துணிவு வரும்.

கொரோனா காலத்தில் ஒரு கூத்து நடந்தது. 2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ், பொது அவசரநிலை என்று சொல்லி, நாளைக்குப் பன்னிரண்டு மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம், கூலி அந்த விகிதத்தில் கொடுத்தால் போதும் என்றது. உதாரணமும் கொடுத்தார்கள்: எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120 ரூபாய். நம் ஒன்றரை ஷிப்ட்! பனியன் கம்பெனிகளில் வாய்வழக்காக இருந்த சட்டமீறலை ஒரு மாநில அரசு அரசிதழில் ஏற்றிவிட்டது. வாரக் கணக்கில் பார்த்தால் அந்த நாளுக்கு 160 ரூபாய் வரவேண்டும்.

குஜராத் மஸ்தூர் சபாவும் இன்னொரு சங்கமும் நேராக உச்ச நீதிமன்றம் போயின. 2020 அக்டோபர் 1 அன்று சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் ஆகிய மூன்று நீதிபதிகளின் அமர்வு அந்த அறிவிக்கையையும் அதை நீட்டித்த ஜூலை அறிவிக்கையையும் ரத்து செய்தது. பொது அவசரநிலை என்றால் போர், வெளி ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு வரும் ஆபத்து என்று அந்தப் பிரிவே விளக்கியிருந்தது. பெருந்தொற்றால் வந்த பொருளாதாரத் தொய்வு அதில் அடங்காது என்றது நீதிமன்றம். தீர்ப்போடு நிற்கவில்லை. அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, அறிவிக்கை வந்த நாளிலிருந்து உழைத்த தகுதியுள்ள தொழிலாளர் அனைவருக்கும் 59ஆம் பிரிவின்படி மிகைநேர ஊதியம் தர உத்தரவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டியவர்களின் வழக்கில், நீதிபதி பகவதி எழுதியிருந்தார். அந்தச் சிந்தனையின் வழியில் வந்த தீர்ப்பு இது. இங்குள்ள சட்ட மாணவர்கள் அதை முழுதாகப் படிக்க வேண்டும்.

நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டப்பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வேலை நேர வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். பெரிய மின்னணுக் கம்பெனிகள் முதலீடு செய்ய வரும், நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு மூன்று நாள் ஓய்வு எடுக்கலாம் என்றார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றாம் நாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு. நான்கு நாள் வேலை என்ற திட்டத்தில் கெடுதல் என்ன என்று என்னிடம் இளைஞர்கள் கேட்டார்கள். 48 மணி நேர வரம்பு உண்மையிலேயே காக்கப்பட்டால் அதைப் பற்றிப் பேசலாம். ஆனால் ஐந்தாம் நாளும் வா என்று கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லும் நிலையில் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறாரா?

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலைக்கு வெளியே, ஜவுளிக் கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதிலும் எட்டு மணி நேர நாள், 48 மணி நேர வாரம், அதற்கு மேல் இரட்டை ஊதியம். 2021 திருத்தத்தில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சேர்த்தார்கள். இருக்கை வந்த கடைகள் உண்டு. இரட்டை ஊதியம் வந்த கடையை யாராவது காட்டினால் மகிழ்வேன்.

இனி நீதிமன்ற அனுபவம். ஓ.டி. வழக்கு தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, சாட்சியத்தால். கடிகாரம் முதலாளியின் சுவரில் இருக்கிறது, பதிவேடு அவர் மேசையில் இருக்கிறது. பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் மனுப் போட ஓர் ஆண்டு கெடு இருந்தது. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறே மாதம். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் கெடு இல்லாத 33-சி(2) மனு போடலாம் என்றால், அங்கே ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட உரிமையைத் தொகையாகக் கணக்கிடத்தான் முடிந்தது. மிகைநேரமே பார்க்கவில்லை என்று நிர்வாகம் அடித்துச் சொல்லிவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில் புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு அதற்குரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். கெடு மூன்று ஆண்டு ஆகியிருக்கிறது. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. கொடுக்காத தொகைக்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வேலையை விட்டாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளச் சீட்டு எல்லோருக்கும் கட்டாயம். பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. வாங்கக்கூடாது என்கிறது.

குறைகளையும் சொல்கிறேன். காலாண்டு உச்சவரம்பு முன்பு நாடாளுமன்றச் சட்டத்திலேயே எண்ணாக இருந்தது. இப்போது அது அரசுகள் எழுதும் விதிக்குப் போய்விட்டது. 65-ஏ மசோதாவுக்குச் சட்டப்பேரவை தேவைப்பட்டது, அதனால் ஊருக்குத் தெரிந்தது. விதித் திருத்தம் அரசிதழின் ஒரு பக்கத்தில் வந்து போய்விடும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, இருபது ஆகிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது, நாற்பது ஆகிவிட்டது. ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிறைந்த ஊரில் இது எத்தனை கதவுகளைப் பரிசோதகருக்கு மூடும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது கணக்கு. பழைய 59ஆம் பிரிவில் சாதாரண ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளும் சேரும், போனசும் ஓ.டி.யும் மட்டும்தான் சேராது. புதிய வரையறையில் வீட்டு வாடகைப் படியும் பயணப் படியும் வெளியே நிற்கின்றன. அப்படி வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை உள்ளே வரும். ஆகவே 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் 10,000 ரூபாயைப் படியாகப் பிரித்து எழுதும் நிர்வாகத்துக்கு இரட்டைக் கூலி என்பது உண்மையில் பழைய ஒற்றைக் கூலிதான். முதலில் போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்: ஒற்றைக் கூலியில் பத்தாம் மணி புதிய ஆளைவிட மலிவு.

சம்மதம் பற்றி மாணவர் ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார்: வேலைக்குச் சேரும் நாளிலேயே எல்லா ஓ.டி.க்கும் சேர்த்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் அது சம்மதமா? செல்லாது என்பது என் கருத்து. ஆனால் அதைச் சொல்லும் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்கு வழக்கு வேண்டும். வழக்குக்கு, வேலையில் இருக்கும்போதே மனுவில் பெயர் எழுத ஒருவர் முன்வர வேண்டும். சங்கங்கள் மனுப் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. தனியாளை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நிற்காமல், முதல் வழக்கை ஒரு சங்கம் தன் பெயரில் போட வேண்டும். அவையில் சங்கப் பொறுப்பாளர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்த மனுவை எழுத என் உதவி தேவையென்றால் கூட்டம் முடிந்ததும் பேசுவோம்.